செந்தமிழ் வைத்த கசிவு

மரக்காணம் உப்பளத்தில் ஒரு மோட்டார் நின்றுபோனால், முதலாளிக்குப் போன் போவதற்கு முன்பே செந்தமிழுக்குப் போன் போய்விடும். கொஞ்ச நேரத்தில் ஒரு மொபெட் வந்து நிற்கும். முன்னால் கோணிப்பை, பைக்குள் ஸ்பானர்கள், டெஸ்டர், மீட்டர், ஒரு பாட்டில் பெட்ரோல், தேய்ந்துபோன டூத் பிரஷ்கள் ஒரு கட்டு. புடவைமேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, பாத்திகளுக்கு நடுவே ஓடும் ஒற்றை வரப்பில் அந்த அம்மாள் நடந்து வரும் வேகத்தைப் பார்த்தால் மோட்டார் பயந்துபோய்த் தானே ஓட ஆரம்பித்துவிடும் என்று உப்பு வாருகிறவர்கள் கேலி செய்வார்கள். பெயர்தான் செந்தமிழ். மோட்டார் மூடியைக் கழற்றும்போது அவர் பேசுவதில் பாதியை இங்கே எழுத முடியாது.

எனக்கு அவர் அண்ணி. ரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை. அவர் கணவர் இருசப்பனை நான் அண்ணன் என்று கூப்பிடுவதால் வந்த உறவு. நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திருவிழாக் காலத்தில் சக்கரபாணியின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அதே குழுவில் இருசப்பன் அண்ணன் எலக்ட்ரிக் கிட்டார். என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கு எதுவும் லேசில் பிடிக்காது என்பதைத் தவிர. குழம்பு அமிர்தமாக இருந்தாலும் 'பரவாயில்லை' என்றுதான் சொல்வேன் என்று என் வீட்டுக்காரி குறைப்படுவாள். அப்படிப்பட்ட நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

இருசப்பன் அண்ணன் மீசை முளைத்த நாளிலிருந்து உப்பளத்து ஆயில் எஞ்சின் ஆள். கிணற்று உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுகிற வேலை. தகரக் கொட்டகைக்குள் எஞ்சின் அலறும். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தே காது போய்விட்டது. கேட்காத காது முழுசாகக் கேட்காமல் இருந்துவிட்டாலும் ஒரு நிம்மதி. இவருக்கு வந்தது வேறு மாதிரி. மனுஷர் பேச்சு கேட்காது, ஆனால் தட்டு கீழே விழுந்தால் காதில் ஊசி ஏற்றியது போலத் துடித்துப்போவார். அவர் வீட்டில் குக்கர் விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் பானையில்தான் சோறு வடிப்பார்கள்.

பாண்டிச்சேரி டாக்டர் காதுக்கு ஒரு மிஷின் கொடுத்தார். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார், ஒரு பஸ்காரன் ஹார்ன் அடித்தான், அங்கேயே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அது வீட்டில் மருந்து டப்பாவுக்குள் கிடந்தது. அண்ணி கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

நடக்க வைத்தது கிட்டார்தான். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழைய கிட்டார் அது. வருஷக்கணக்காக எஞ்சின் கொட்டகையில் ஒரு ஆணியில் மாட்டிக் கிடந்தது. எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கிற நேரத்தில் எடுத்து வாசிப்பார். ஒருநாள் ஏதோ நினைப்பில் மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டு வாசித்திருக்கிறார். மிஷின் வழியாக வந்த சத்தங்களில் குத்தாத ஒரே சத்தம் அதுதான். நன்றாகச் சுண்டிய பால் மாதிரி கெட்டியாக, இதமாக வந்ததாம். அன்றிலிருந்து வாசிக்க உட்காரும்போது மிஷினை மாட்டுவார். வாசித்து முடித்த பிறகு கழற்ற மறந்துவிடுவார்.

"கிட்டாருக்காகத்தான் மிஷின் போடறாரு தம்பி. அப்புறம் கழட்ட மறந்துடறாரு. அந்த மறதிலதான் எங்க குடும்பமே நடக்குது" என்று அண்ணி ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தாலும் அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்த வீட்டில் புருஷனும் பொஞ்சாதியும் பேசிக்கொண்டது அந்த மறதி நேரத்தில்தான். பிள்ளைக்குப் பெண் பார்த்தது, மாடிக்கு ஷீட் போட முடிவு செய்தது, இரண்டு பேரும் கோபித்துக்கொண்டது, சமாதானம் ஆனது எல்லாமே கிட்டார் வாசித்த பின் மிஷின் காதில் இருந்த நேரத்தில் நடந்ததுதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் அண்ணியே கையை விட்டார்.

கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் எங்களுக்குக் கச்சேரி பேசியிருந்தது. ஒத்திகையில் கிட்டார் கரகரவென்று இரைந்தது. வயரை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வந்தது. "குடுய்யா இப்படி" என்று அண்ணி அதை வாங்கிக்கொண்டு போனார்.

இந்தக் கடலோரத்தில் எது கெட்டாலும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் ஒன்றுதான். உப்பைத் துடைப்பது. சுவிட்சு வேலை செய்யவில்லையா, உப்பைத் துடை. ஃபேன் சுற்றவில்லையா, உப்பைத் துடை. செல்போன் சார்ஜ் ஏறவில்லையா, அந்த ஓட்டையில் ஊதி உப்பைத் துடை. சென்னையில் மெக்கானிக் யோசிக்க ஆரம்பிக்கிற இடத்தில் நாங்கள் பிரஷ்ஷை எடுப்போம். அண்ணிக்கு அது தொழில் தர்மம். "உப்புதான் மொதல் திருடன். அவன வெளிய தொரத்து, அப்புறமா மத்தவன விசாரி" என்பார்.

கிட்டாரின் மூடியைக் கழற்றினால், உள்ளே வயர்கள் வந்து சேருகிற இடத்தில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு பொருக்கு. மோட்டாரில் பார்த்துப் பார்த்துக் கடுப்பான அதே பொருக்கு. அண்ணி பெட்ரோலைத் தொட்டுத் தொட்டு, பிரஷ்ஷால் பல் தேய்ப்பது போலத் தேய்த்தார். நைந்த வயரை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் போட்டு ஈயம் பற்றவைத்தார். வேலை முடிந்தபோது உள்ளே கல்யாணப் பாத்திரம் மாதிரி மின்னியது. எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார். நானும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்.

மறுநாள் ஒத்திகையில் அண்ணன் மிஷினை மாட்டிக்கொண்டு கிட்டாரை மீட்டினார். கரகரப்பு சுத்தமாக இல்லை. கூடவே அந்தப் பழைய சத்தமும் இல்லை. தகரத்தில் ஆணியால் கீறியது போல ஒரு பளீர் சத்தம் வந்தது. எங்களுக்கே பல் கூசியது. அண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை எடுக்கும்போது மிஷினும் கையோடு வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டார், கிட்டாரைச் சுவரில் சாய்த்தார், வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மிஷின் மருந்து டப்பாவுக்கே திரும்பியது. கிட்டார் கட்டிலுக்கு அடியில் போனது. அண்ணன் வேலைக்குப் போவார், வருவார், டிவியில் படம் ஓடுவதைச் சத்தமில்லாமல் பார்ப்பார், படுத்துக்கொள்வார். அண்ணி என் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்தபடி சொன்னார்:

"பேசறேன், பேசறேன், பேசிக்கினே இருக்கறேன் தம்பி. செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குது. என் மூஞ்சப் பாக்கறாரு, தலைய ஆட்டறாரு. ஒண்ணும் கேக்கலன்னு எனக்குத் தெரியுது. என் கையாலயே அவரு காத மூடிட்டேன்."

உப்பளத்தில் ஆம்பளைகளை ஓட ஓட விரட்டுகிற அந்த அம்மாள் கண்கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

சும்மா உட்காருகிற ஆளா அவர்? கிட்டாரை என் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். கூட்டம் இல்லாத நேரத்தில் மேஜைமேல் கிடத்தி, மூடியைக் கழற்றி, முறைத்துப் பார்ப்பார். சத்தத்தை மென்மையாக்கக் கிட்டாரிலேயே ஒரு திருகு உண்டு, அதைத் திருப்பிப் பார்க்கலாமே என்றேன். திருப்பினோம். கீச்சுச் சத்தம் குறைந்தது, ஆனால் யாரோ போர்வைக்குள் இருந்து பாடுவது போல மங்கிவிட்டது. கொஞ்சம் ஏற்றினால் ஆணி, கொஞ்சம் இறக்கினால் போர்வை. நடுவில் எதுவும் கிடைக்கவில்லை.

"அந்தத் திருகுக்கு அடியில குட்டியா ஒரு கண்டன்சர் இருக்குது பாரு. இது பத்தல போலிருக்கு" என்றார் அண்ணி. மோட்டார் வேலைக்காரர் கணக்கே தனி. சீலிங் ஃபேனில் இருந்து கழற்றிய ஒரு கண்டன்சரை, நெல்லிக்காய்க்குப் பக்கத்தில் பூசணிக்காய் வைத்தது போலக் கொண்டுவந்து இணைத்தார். நான் மீட்டினேன். எங்கோ பக்கத்து ஊரில் யாரோ மூட்டையை இறக்குவது போல 'தொம்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எவ்வளவு நாள் கழித்தோ இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு ஒரு பழைய ரேடியோ போர்டைப் பிரித்து, மிளகு, கடுகு அளவில் கண்டன்சர்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒரு கட்டத்தில் எனக்கு அது சரியாகவே பட்டது. சக்கரபாணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குழுவை நடத்துகிறவர், பாடகர், காது நல்ல காது. "அட, பழைய சத்தம் வந்திடுச்சே!" என்று கைதட்டினார். மூன்று பேரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம்.

அண்ணன் மிஷினை அரைமனதாக மாட்டினார். இரண்டு வரி வாசித்தார். தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல்.

"குத்தல. ஆனா அது இல்ல" என்றார். "இதுல உசுரு இல்ல."

மிஷின் மறுபடி டப்பாவுக்குப் போனது.

வெளியே வந்ததும் சக்கரபாணி தலையில் அடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காத அண்ணி. நல்லா கேக்கற காது ரெண்டு பேருக்கு இருக்குது. நாங்க ரெண்டு பேரும் சரின்றோம். காது போனவரு இல்லன்றாரு. யார நம்பறது? நான் பாண்டிலேருந்து வேற ஒரு ஆள கச்சேரிக்குச் சொல்லிடறேன்."

அண்ணி மொபெட்டை ஸ்டாண்டில் இருந்து இறக்கினார். "நீ யார வேணா சொல்லிக்கோ. அவரு இல்லன்னு சொன்னா இல்லதான். கேக்கறவனுக்கு ஆயிரம் சத்தம் இருக்குது, இது போனா இன்னொண்ணு. அவருக்கு இருந்தது இது ஒண்ணுதான். அது மாறிச்சின்னா அவருக்குத் தெரியாதா?"

எனக்கும் உள்ளுக்குள் சக்கரபாணி பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. ஆனால் அண்ணி அந்த ஒரு தலையாட்டலைத்தான் நம்பினார். மற்ற எல்லோர் கைதட்டலையும் குப்பையில் போட்டார்.

விடை உப்பளத்திலேயே கிடைத்தது. ஒரு மோட்டாரைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். இங்கே அது தினசரி வழக்கு. உப்பும் ஈரமும் சேர்ந்து மோட்டாருக்குள் படிந்துவிடும். கரண்ட் போக வேண்டிய வழியில் போகாமல் அந்த உப்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். அதை லீக்கேஜ் என்பார்கள். அதைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் அண்ணிக்கு வாழ்நாள் வேலை. அன்றைக்கும் மீட்டரை வைத்து, லீக்கேஜ் இருப்பதைப் பார்த்து, வழக்கம்போல உப்பைத் திட்டிக்கொண்டே பிரஷ்ஷைக் கையில் எடுத்திருக்கிறார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். திட்டும் நின்றுவிட்டது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையைப் போட்டுவிட்டு, என்ன ஆயிற்றோ என்று ஓடி வந்திருக்கிறார்கள்.

எனக்குப் போன் வந்தது. "தம்பி, கடைய மூடு. ஸ்பீக்கர எடுத்துகினு எங்க வூட்டுக்கு வா. நான் தொடச்சது அழுக்கு இல்லடாப்பா. அது வேலைல இருந்திச்சி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போனேன்.

உப்பளத்தை ஒட்டிய வீடு அது. வாசலில் வேப்பமரம், மரத்தடியில் கட்டில். மத்தியானக் காற்று நல்ல வேகத்தில் அடித்தது. தூரத்தில் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. கட்டிலில் அண்ணி மூடி இல்லாத கிட்டாரைக் கிடத்தியிருந்தார். பக்கத்தில் ஒரு சொம்பில் பாத்தித் தண்ணீர், ஒரு நூல்கண்டு, மீட்டர்.

அண்ணி எனக்குச் சொன்னது இதுதான். கிட்டார் கம்பி அதிரும்போது, அதன் அடியில் இருக்கிற பிக்கப் என்கிற காந்தச் சுருளில் இருந்து ஒரு துளி கரண்ட் புறப்பட்டு ஸ்பீக்கருக்குப் போகிறது. போகிற வயருக்கும் பக்கத்து எர்த் வயருக்கும் நடுவில் அந்தப் பச்சைப் பொருக்கு வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தது. அதன் வழியாக அந்தத் துளியிலும் ஒரு துளி கசிந்துகொண்டே இருந்தது. அந்தக் கசிவுதான் கீச்சின் தலையைத் தட்டி உட்கார வைத்திருந்தது. கண்டன்சர் வைத்தபோது அது கீச்சை ஆளோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது, அதனால்தான் உயிர் இல்லை. உப்பு அப்படிச் செய்யவில்லை. கீச்சை இருக்க விட்டு, அடக்கி மட்டும் வைத்திருந்தது.

"என் ஆயுசு பூரா லீக்கேஜ அடச்சிக்கினே இருந்தேன். இப்ப நானே ஒரு லீக்கேஜ் வைக்கணும்" என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்ததை இன்ன உணர்ச்சி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கும்பாபிஷேகத்தில் கலசத்தின் மேல் தண்ணீர் ஊற்றும்போது அண்ணாந்து பார்க்கிறவர்கள் முகம் அப்படி இருக்கும்.

ஆனால் எவ்வளவு கசிவு? அது யாருக்கும் தெரியாது. பொருக்கைத்தான் பெட்ரோல் போட்டுத் தேய்த்தாயிற்றே.

அண்ணனை வெளியே கூப்பிட வேண்டும். வாயால் கூப்பிட முடியாது. அண்ணி வாசலில் நின்று, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். உப்பளத்தில் எஞ்சின் சத்தத்துக்கு மேல் எவன் பேச்சும் எவனுக்கும் கேட்காது. பாத்தியின் கோடியில் நிற்கிறவர்கள் எஞ்சின்காரருக்குக் கையால்தான் சொல்வார்கள். கையைச் சுற்றினால் தண்ணீர் விடு. உள்ளங்கையைக் காட்டித் தூக்கினால் நிறுத்து. பாத்தி நிறைந்து வழிவதற்குள் அந்தக் கை தூக்கப்பட வேண்டும், தூக்கிய அந்த நொடியே எஞ்சின் நிற்க வேண்டும். அண்ணன் அந்தக் கைகளைப் பார்த்தே காலத்தை ஓட்டியவர். எழுந்து வந்தார்.

மிஷினை மாட்ட ஒப்புக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று கையை ஆட்டினார். அண்ணி மருந்து டப்பாவைத் திறந்து, மிஷினை எடுத்து, முந்தானையால் துடைத்து, குழந்தைக்குத் தோடு போடுவது போல அவர் காதில் தானே மாட்டிவிட்டார். அண்ணன் ஒரு விரலைக் காதருகிலேயே வைத்துக்கொண்டார், குத்தினால் உடனே பிடுங்கிவிடத் தயாராக.

அண்ணி நூலில் ஒரு துண்டு வெட்டி, சொம்பில் நனைத்து, கிட்டாருக்குள் அந்த இரண்டு வயர்களுக்கும் நடுவில் குறுக்கே வைத்தார். "வாசிய்யா. ஒரே கம்பி. வுடாம தட்டிக்கினே இரு" என்றார்.

அண்ணன் மீட்டினார். சத்தமே இல்லை என்கிற அளவுக்குச் சன்னமாக ஒரு முனகல் வந்தது. ஈர நூல் வழியாக எல்லாமே ஓடி வடிந்துகொண்டிருந்தது. நான் ஏமாந்துபோனேன்.

"இரு" என்றார் அண்ணி. "காத்து இருக்குது, வெயிலு இருக்குது. காயட்டும்."

நூல் காய ஆரம்பித்தது. காயக் காயக் கசிவு குறைந்தது. கசிவு குறையக் குறையச் சத்தம் மேலே வந்தது. கிணற்றிலிருந்து வாளி ஏறி வருவது போல ஒவ்வொரு மீட்டலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. முனகல் குரலானது, குரல் கெட்டிப்பட்டது. அதே கம்பி, அதே விரல். யாரும் எதையும் தொடவில்லை. சத்தம் மட்டும் எங்கள் கண்ணெதிரே மாறிக்கொண்டே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடல் தண்ணீரை வெயிலில் காயவைத்து உப்பெடுக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு சத்தத்தைக் காயவைத்து எடுக்க முடியும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போது அண்ணன் காதருகில் வைத்திருந்த விரலை எடுத்தார். கை முழுசாக மேலே போனது. உள்ளங்கையைக் காட்டி, தலைக்கு மேல். நிறுத்து!

அண்ணி நூலை வெடுக்கென்று எடுத்து மீட்டரின் இரண்டு முனைக்கும் நடுவில் பிடித்தார். நூல் இன்னும் காய்ந்துகொண்டுதான் இருந்தது, கசிவு எவ்வளவு தடைபடுகிறது என்று காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. முதலில் கண்ணில் பட்ட எண்ணை வாய்விட்டுச் சொன்னார். நூல் இல்லாத கிட்டார் மறுபடி தகரமாகக் கீச்சிட்டது.

"ஒரு தடவ வந்தது குருட்டாம்போக்கா இருக்கும். இன்னொரு தடவ" என்றார்.

புது நூல். நனை, வை, மீட்டு, காயட்டும். அண்ணன் கை மேலே போனது. அண்ணி எண்ணைச் சொன்னார். ஏறக்குறைய அதே எண். மறுபடி. ஏறக்குறைய அதே எண். நூலை நீளமாக வெட்டிப் பார்த்தார், குட்டையாக வெட்டிப் பார்த்தார். காய்கிற நேரம் மாறியது, அண்ணன் கை தூக்கிய எண் மாறவில்லை. எனக்கு ஒரு ஆசை. நானும் கண்ணை மூடிக்கொண்டு, சரி என்று தோன்றும்போது கையைத் தூக்குகிறேன் என்றேன். ஒருமுறை பாதிக் கிணற்றிலேயே தூக்கினேன், இன்னொருமுறை வாளி கரையேறி வெகுநேரம் கழித்துத் தூக்கினேன். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நீ கீபோர்டோட நிறுத்திக்கோ தம்பி" என்றார்.

எஞ்சின் தின்றுவிட்டு மிச்சம் வைத்த காது அது. டாக்டர் மிஷின் மாட்டிவிட்ட காது. அதற்குள் ஒரே ஒரு சத்தம் மட்டும் இவ்வளவு பத்திரமாக இருந்திருக்கிறது. அதை நம்பி ஒரு பெண் பிள்ளை, நூலும் உப்புத் தண்ணீரும் காற்றும் வைத்துக்கொண்டு, காணாமல் போன ஒன்றை எண்ணாக மாற்றிக் கையில் பிடித்துவிட்டாள். இரண்டில் எது பெரிய ஆச்சரியம் என்று என்னால் இன்றுவரை முடிவு பண்ண முடியவில்லை.

பிறகு நடந்தது சாதாரண வேலை. பழைய டிவி போர்டில் இருந்து ரெசிஸ்டர்களைக் கழற்றினார். அரிசி அளவில், நிறக்கோடு போட்ட சாமான். கரண்டை இவ்வளவுதான் விடுவேன் என்று அளவாக விடும். ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்து, ஒன்று போதாமல் இரண்டைச் சேர்த்து முறுக்கி, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். நூல் இருந்த இடத்தில் அதை வைத்து ஈயம் பற்றவைத்தார். பிறகு உள்ளே போய் நகப்பாலிஷ் எடுத்துவந்து, ஒரு ஈரமும் ஏறாதபடி எல்லா மூட்டிலும் பூசினார். நல்ல ரத்தச் சிவப்பு.

"உப்பு இத்தினி வருசம் உள்ள உக்காந்து வேல பாத்திச்சி. அதுக்கு பென்ஷன் குடுத்தாச்சு. இனிமே இவன் பாப்பான்" என்று ரெசிஸ்டரை விரலால் தட்டினார்.

மூடியைப் போட்டுத் திருகினார். கிட்டாரை அண்ணன் மடியில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளிப்போய், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். மோட்டாருக்கு ஸ்விட்ச் போடும்போது ஒருநாளும் அவர் அப்படி நின்றதில்லை.

அண்ணன் மீட்டினார்.

வந்த சத்தத்தை எப்படி எழுதுவது? கெட்டியாக, இதமாக, ஆனால் உள்ளே ஒரு பொறி இருந்தது. வேப்பமரத்துக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். அண்ணன் ஒரு பாட்டை எடுத்தார், முடிக்காமல் இன்னொன்றுக்குப் போனார், அதையும் விட்டுவிட்டு வெறுமனே ஒரே சுரத்தை மீட்டி மீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் எங்களை விட்டு எங்கோ போய்விட்டது. அவரோடு எத்தனை மேடை ஏறியிருக்கிறேன்! அவர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. நான் என்ன சத்தத்தை வாசித்துக்கொண்டிருந்தேனோ போங்கள்.

வெகுநேரம் கழித்துக் கிட்டாரைக் கட்டில்மேல் வைத்தார். கை காதுக்குப் போனது. மிஷினைக் கழற்றப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன், அண்ணியும் நினைத்தார். அண்ணியின் முகம் சட்டென்று வாடியதைப் பார்த்தேன். அண்ணன் கழற்றவில்லை. மிஷினை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திச் சரியாக உட்கார வைத்துக்கொண்டு, கட்டிலில் தன் பக்கத்து இடத்தைத் தட்டினார். அண்ணி வந்து உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார் அண்ணன்.

"இன்னாத்த?"

"இத்தினி நாளா நீ பாட்டுக்குப் பேசிக்கினே இருந்தியே. வாய் மட்டும் ஆடிச்சி, ஒண்ணும் கேக்கல. இன்னா இன்னா சொன்ன? மொதல்லேருந்து சொல்லு."

உப்பளத்தையே அதட்டி வைத்திருக்கிற அந்த அம்மாள் கட்டில் கயிற்றை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். கண்ணில் இருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. நான் எழுந்து ஸ்பீக்கர் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் இல்லய்யா" என்று கடைசியில் ஆரம்பித்தார். "மொத நாளு... சிலிண்டருல கேஸு தீந்து போச்சி. அத்ததான் சொன்னேன்."

ஊரிலேயே பெரிய சேதியைக் கேட்டவர் போல அண்ணன் தலையை ஆட்டினார்.

"அப்புறம்?" என்றார்.